சொட்டிய டேங்கும் நங்கையின் கணக்கும்

எனக்கு இரண்டு அம்மாபேட்டை. பிறந்தது காவேரிக்கரை அம்மாபேட்டையில். பவானிக்கும் மேட்டூருக்கும் நடுவே, ஆற்றை ஒட்டினாற்போல் இருக்கிறதே, அந்த ஊர். முன்பு கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்தது. 1979-க்குப் பிறகு ஈரோட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டது. வாக்கப்பட்டு வந்ததோ சேலத்து அம்மாபேட்டைக்கு. குமரகிரி மலையும், தறிச் சத்தமும், ஆடியில் வண்டி வேடிக்கையுமாக இருக்கும் அம்மாபேட்டை. கல்யாணமான புதிதில் அம்மா எழுதிய கடிதங்களில் பாதி, பின்கோடு சரியில்லாமல் அம்மாவிடமே திரும்பிப் போயிருக்கின்றன! "அம்மாபேட்டையிலிருந்து அம்மாபேட்டைக்கா?" என்று தபால்காரர் கேலி செய்வாராம்.

பிறந்த வீட்டுக்குப் போக எனக்குப் பிடித்த வழி எடப்பாடி வழிதான். பூலாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, படகில் அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் போய்விட்டால் வீடு வந்த மாதிரிதான். கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் அந்த இடத்தில் காவேரி ஏரி மாதிரி பரந்து நிற்கும். மேட்டூர் சுற்றியோ பவானி சுற்றியோ போவதைவிட நேரமும் மிச்சம், குழந்தைகளுக்கும் குஷி.

இப்போது நான் எழுத வந்தது படகைப் பற்றித்தான். "சமையல் குறிப்பும் பிள்ளை வளர்ப்பும் எழுதுகிற பக்கத்தில் படகுக்கு என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மொபெட்டும், அடுப்படியில் இருக்கும் சிலிண்டரும் இதில் வந்துவிடும்.

என் அண்ணனிடம் ஒரு பழைய படகு உண்டு. துறையில் ஆட்களை ஏற்றும் படகு அல்ல. சொந்த உபயோகத்துக்கு, இரண்டாம் கையாக வாங்கியது. அக்கரையில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வாழைத்தாரும், மாட்டுக்குச் சோளத்தட்டும், உர மூட்டையும் அதில்தான் வந்து போகும். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் அதில் தொற்றிக்கொள்ளும். எஞ்சின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கிணற்றடியில் பம்ப்செட்டுக்குப் போடுகிற ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். டீசல் டேங்க், பின்பக்கம் உட்காரும் பலகைக்கு அடியில், எஞ்சினைவிடச் சற்று உயரத்தில், இரண்டு மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நாற்பது லிட்டர் பிடிக்கும் இரும்பு டேங்க். முன்பு வைத்திருந்தவர் ஆடாமல் இருக்கட்டும் என்று அடியில் சாக்கை மடித்துச் செருகியிருந்தார். அந்தச் சாக்குத்தான் வினை.

சொட்டுவதை முதலில் கண்டுபிடித்தது அண்ணன் அல்ல, அண்ணி. எங்கள் பக்கத்தில் அண்ணியை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவோம். நங்கை எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் வீட்டில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, டீசல் கணக்கு எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் கையெழுத்தில் இருக்கும். 2022 வைகாசியில் அந்த நோட்டைப் பார்த்து அவள் கேட்டிருக்கிறாள்:

"ஏனுங்க, போன மாசம் இதே நடைக்கு இருபது லிட்டர்தானே ஆச்சு? இந்த மாசம் எப்படிங்க முப்பத்தாறு?"

"எஞ்சின் பழசாச்சு புள்ளை, கொஞ்சம் சேர்த்துக் குடிக்கத்தான் செய்யும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆண்களுக்கு மிஷின் மேல் பழி போடுவது சுலபம்!

நங்கை விடவில்லை. படகின் அடிப்பலகையில் தேங்கும் தண்ணீர் வானவில் மாதிரி பளபளப்பதையும், சின்னவளுடைய பாவாடையில் துவைத்தும் போகாத வாடையையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்குக் கணுக்காலில் தோல் உரிந்து அரிப்பு வேறு. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீசல் தோலில் இருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். நாள்பட்டால் தோல் காய்ந்து வெடிக்கும், அரிக்கும். சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, அந்தத் துணியை மறுபடி போடாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும். பெட்ரோலை ஊற்றித் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காவேரி செம்மண் நிறத்தில் கரை புரண்டது. வெள்ளம் வந்தால் பூலாம்பட்டித் துறையில் படகு ஓடாது. அண்ணனும் தன் படகை மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டார். அப்போதுதான் வசதியாகப் போயிற்று நங்கைக்கு. ராத்திரி பத்து மணிக்கு டேங்கின் அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் டம்ளர் நிறைந்திருக்கிறது! இருநூறு மில்லி. எட்டு மணி நேரத்துக்கு இருநூறு என்றால் ஒரு நாளைக்கு அறுநூறு, மாதத்துக்குப் பதினெட்டு லிட்டர். அப்போது டீசல் லிட்டர் 94 ரூபாய்க்கு மேல். மாதம் ஆயிரத்து எழுநூறு ரூபாய் ஆற்றோடு போகிறது. காசு போகட்டும். கீழே பவானி, ஈரோடு, கரூர், திருச்சி என்று எத்தனை ஊர் குடிக்கிற தண்ணீர் அது!

டம்ளரைக் கண்ணால் பார்த்த பிறகு அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே டேங்கைக் காலி செய்கிறேன் என்று ஒரு ரப்பர் ட்யூபை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சியிருக்கிறார். ஊரில் எல்லாரும் செய்வதுதானே? லாரிக்காரர், மோட்டார்க்காரர் எல்லாம் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். ட்யூபின் அடியில் ஏதோ அழுக்கு அடைத்திருந்து, இவர் பலமாக இழுக்க, சட்டென்று விட்டு வாய் நிறைய வந்துவிட்டது. புரை ஏறி, இருமி, கொஞ்சம் உள்ளேயும் போய்விட்டது.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஓடி வந்து, "உப்புத் தண்ணியைக் கரைச்சுக் கொடு, வாந்தி எடுத்தா எல்லாம் வந்துரும்" என்று சொம்போடு நின்றிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் நங்கை கொடுக்கவில்லை. ஒரு முறை அங்கன்வாடியில், மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சட்டையைக் கழற்றி வேறு மாற்றி, பவானிக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அன்று மாலைவரை அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று சண்டைகூடப் போட்டாராம். ராத்திரி காய்ச்சல் வந்து, மூச்சு வேகமாகி, விலாவில் குத்தல் ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஐந்து நாள் படுக்கை.

டாக்டர் அவளுக்கு விளக்கியதை நங்கை எனக்குச் சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்கிறேன். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் இவையெல்லாம் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. தண்ணீரைவிட மெல்லியதாக ஓடிப் பரவும் குணம் இவற்றுக்கு. விழுங்கும்போது ஒரு தடவை மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கும். வாந்தி எடுக்க வைத்தால் திரும்பி வரும்போது இன்னொரு தடவை. அதனால்தான் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவுமே கூடாது. குழந்தை குடித்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சில மணி நேரமாவது டாக்டர் கண்ணெதிரில் வைத்திருக்க வேண்டும். இருமலும் வேகமான மூச்சும் தாமதமாகவும் வரும். வண்டி கிடைக்காவிட்டால் 108. இன்னொன்று: குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி வைக்காதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

நான் ஆடிக்குப் போனது இந்த நேரத்தில்தான். படகு இல்லாததால் மேட்டூர் போய், பவானி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இருமிக்கொண்டே, "வா அம்மிணி, நங்கை என்னைப் படகுப் பக்கமே விடமாட்டேங்கறா" என்று புகார் சொன்னார். மீதி டீசலை அவளே இறக்கி முடித்திருந்தாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இறைப்பார்களே, அந்த மாதிரி கைப்பம்பு ஒன்று வாங்கி வந்து. நாலு வயதுக் குழந்தைகூட இயக்கலாம் அதை. இதற்கு எதற்கு வாயால் உறிஞ்ச வேண்டும்?

இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன் கட்சி, "எம்-சீல் வாங்கி அப்பினா ஆச்சு, அம்பது ரூபா வேலை." நங்கை கட்சி, "டேங்கையே மாத்தணும்." எனக்குக் கட்சி கிடையாது, வேடிக்கை பார்க்கப் போனவள். ஆனால் நங்கை பக்கம்தான் சாய்ந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒட்டுப்போடுவது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நடு ஆற்றில் சொட்ட ஆரம்பித்தால் கட்டிச் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்த்து அடைத்துக்கொண்டு கரை சேர்வார்கள். சோப்பு டீசலிலும் பெட்ரோலிலும் கரையாது, அதுதான் சூட்சுமம். எம்-சீலும் சுத்தமாகத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத உலோகத்தில் ஒட்டினால் நிற்கும். சொட்டிக்கொண்டிருக்கிற ஈரத்தின் மேல் அப்பினால் நாலு நாளில் உதிர்ந்துவிடும். எப்படி ஒட்டினாலும் எரிபொருள் டேங்கில் அது கரை சேர்கிற வரைக்குத்தான்.

முதலில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டுமே. நங்கை டேங்கைத் துடைத்துக் காயவைத்து, அடிப்பக்கமும் ஓரங்களும் சாக்பீஸ் பொடியைப் பூசினாள். கொஞ்சம் டீசலை ஊற்றினால், வெள்ளைப் பொடியில் கறுப்பாக ஈரக்கோடு தெரிகிறது. ஒன்று தெரியும் என்று பார்த்தால், சாக்கு பட்ட இடம் முழுக்க மூன்று நான்கு புள்ளிகள்! ஆணியால் லேசாகச் சுரண்டியதும் துரு ஏடு ஏடாக உதிர்ந்து, இட்லித் தட்டு மாதிரி துளைகள்.

வெளியே சாக்கு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருப்பிடிக்கச் செய்தது. உள்ளேயிருந்தும் ஒரு எதிரி உண்டு. பாதி காலியாக இருக்கும் டேங்கில், ராத்திரிக் குளிரில் காற்றில் இருக்கும் ஈரம் உள்சுவரில் முத்து முத்தாக வேர்த்து இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து, கறுப்பாகக் கொழகொழவென்று ஆடை கட்டும். அது புளிப்பை உண்டாக்கி இரும்பை அரிக்கும். அண்ணன் ட்யூபில் வந்து அடைத்த அழுக்கு அதுதான். டேங்கின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருந்திருந்தால், மாதம் ஒரு முறை அரை டம்ளர் வடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் டேங்கை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனோம், நங்கையும் நானும். பட்டறைக்காரர் வயதானவர். டேங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை நான் பத்த வைக்க மாட்டேனுங்க" என்று கையை எடுத்துவிட்டார்.

"காலி டேங்கிதானுங்களே?" என்றாள் நங்கை.

"நிறைஞ்ச டேங்கியைவிடக் காலி டேங்கிதானுங்க பொல்லாதது."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. எரிவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவியும் காற்றும் கலந்த கலவை. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் துருவுக்குள்ளும் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் துளி டீசல், வெல்டிங் சூட்டில் ஆவியாகும். உள்ளே காற்று காத்திருக்கும். நெருப்பு வெளியே தயாராக இருக்கும். வெடிகுண்டுக்கு வேறென்ன வேண்டும்? தெரிந்தவர்கள் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் பலமுறை அலசி, நீராவி விட்டு, பற்ற வைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் தொடுவார்கள். பெட்ரோல் டேங்க் என்றால் இன்னும் மோசம். பெட்ரோல், உறைபனிக்கு நாற்பது டிகிரி கீழே போனாலும் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும் சரக்கு. உங்கள் வீட்டுக்காரர் மொபெட் டேங்கைத் "தெருமுனையில் ரெண்டு புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன்" என்று கிளம்பினால், வாசலிலேயே மறித்துக் கேளுங்கள், கழுவுவார்களா என்று.

மொபெட் என்றதும் ஒன்று. எங்கள் சேலத்து அம்மாபேட்டைச் சந்துகளில் ராத்திரி வண்டியை நடைக்குள் ஏற்றி நிறுத்தாத வீடே கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்ப் பறந்துவிடாது. தண்ணீர் மாதிரித் தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். படகின் அடிவயிறு ஒரு சட்டி மாதிரி. அதில் போய் நிறையும். அதனால்தான் வெளிநாடுகளில் பெட்ரோல் எஞ்சின் படகுகளில் விசிறி வைத்து, நாலு நிமிஷம் அடியிலிருக்கும் காற்றை வெளியேற்றின பிறகே எஞ்சினைத் தட்டவேண்டும் என்று சொல்கிறார்கள். நம் வீட்டு நடையும் சட்டிதான். சொட்டுகிற மொபெட் ஒரு பக்கம், தரையில் ஏற்றி வைத்த விளக்கு மறு பக்கம் என்றால் நடுவில் தவழ்ந்து போவது என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். சமையல் காஸும் காற்றைவிடக் கனம்தான். வாடை வந்தால் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, கீழே தங்கினது வெளியே போக வழி விடுங்கள். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். புது டேங்க் என்று முடிவானது. அண்ணன் வீட்டிலிருந்து போனில், "பழைய அளவே சொல்லு, அம்பதுக்கு நாப்பது, உயரம் இருபது சென்டிமீட்டர்" என்றார். நங்கை என்ன செய்தாள் தெரியுமா? மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டி வாங்கி, ஜாக்கெட்டுக்குப் பேப்பர் கட்டிங் வெட்டுகிற மாதிரி, அதே அளவில் ஒரு அட்டை டேங்க் செய்து படகுக்குள் இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை! பழைய டேங்கை எடுத்ததே பலகையின் ஒரு சட்டத்தைக் கழற்றித்தான். நாற்பதை முப்பத்தெட்டாகக் குறைத்தபின் சுலபமாக இறங்கியது. இரண்டு லிட்டர் குறையும், அவ்வளவுதானே. இரும்பில் செய்து எடுத்து வந்த பிறகு இது தெரிந்திருந்தால்?

மூன்று மில்லிமீட்டர் கறுப்புத் தகட்டில் செய்தார்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தால் துருவே பிடிக்காதே என்று நான் கேட்டேன். கூடாதாம், டீசல் துத்தநாகத்தோடு சேர்ந்து கசடாகி ஃபில்டரை அடைத்துவிடுமாம். செம்பும் ஆகாது. தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேனும் ஆகாது. பிளாஸ்டிக் என்றால் எரிபொருளுக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். உள்ளே குறுக்கே ஒரு தடுப்புத் தகடு, மூலைகளில் ஓட்டை விட்டு. படகு சாய்ந்தால் டீசல் மொத்தமும் ஒரே பக்கம் 'தடால்' என்று மோதாமல் இருக்க. அந்த மோதலில்தான் ஓரத்து ஒட்டுகள் விடுமாம். மேலே ஒரு மூச்சுக்குழாய், அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு. வெளியே ரெட் ஆக்சைடு, அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட். உள்ளே பெயிண்ட் அடிக்கக் கூடாது. எல்லாத் துவாரத்தையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக நாலைந்து அடி அடித்து, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். ஒரு மூலையில் குமிழி வந்தது! கிழவர் சிரித்துக்கொண்டே மறுபடி பற்ற வைத்தார். புது டேங்க், பயமில்லாமல் வைக்கலாம்.

டேங்க், புது டீசல் குழாய், கிளிப், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரத்துச் சொச்சம். ஆடிச் சீட்டுப் பணத்தில் நங்கை கொடுத்தாள். அந்தப் பணத்தில் ஒரு ஜோடிக் கொலுசு வாங்கச் சேலத்துக்கு என்னோடு வருவதாக இருந்தாள். செவ்வாய்ப்பேட்டைக் கடை எங்கும் ஓடிப்போகாது என்றாள். மூன்று மாதச் சொட்டுக்கு ஆகிற காசு அது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படகின் அடியில் தேங்கியதை ஆற்றில் இறைக்க நங்கை விடவில்லை. மரத்தூளைக் கொட்டி, ஊறவைத்து, அள்ளி, இரண்டு மூட்டை கட்டினோம். அதை அடுப்பெரிக்கக் கேட்ட ஒருத்திக்குக் கொடுக்காமல், செங்கல் சூளைக்காரரிடம் கொடுத்தாள். வீட்டு அடுப்பில் போட்டால் குப்பென்று பற்றி முகத்தில் அடிக்கும், புகையும் நெஞ்சுக்கு ஆகாது. பழைய டேங்கை 'தண்ணித் தொட்டியாக்கித் தாங்க' என்று கேட்டவருக்கும் கிடையாது. எத்தனை கழுவினாலும் அதில் ஊறியது போகாது, மாடு குடித்தாலும் கெடுதல்தான். அடியில் கடப்பாரையால் இன்னும் நாலு ஓட்டை போட்டு எடைக்குப் போட்டுவிட்டாள்.

வெள்ளம் வடிந்து படகு ஆற்றில் இறங்க ஆவணி ஆகிவிட்டது. புது டேங்கின் அடியில் சாக்கு இல்லை. காற்றோட்டம் இருக்கட்டும் என்று இரண்டு ரப்பர் பட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரியில் முக்கால் பாகத்துக்குக் குறையாமல் டீசல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், உள்ளே வேர்க்காமல் இருக்க. கழுத்துவரையும் நிரப்புவதில்லை, வெயிலில் டீசல் விரியும். டேங்கின் கீழே பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை நங்கை விரித்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சனிக்கிழமை அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு டிக் போடுகிறாள்.